கொல்கத்தாவுக்கும் அகர்தலாவுக்கும் எவ்வளவு தூரம்?

ஊரிலிருந்து வருகிறவர்கள் நம்மிடம் தவறாமல் கேட்கும் கேள்விகள் மூன்று. "அங்க அரிசிச் சோறு கிடைக்குமா?", "பெங்காலி பேச வந்துடுச்சா?", "நம்ம ஊர்லேருந்து கல்கத்தா எவ்வளவு தூரம்?" முதல் கேள்விக்குச் சிரித்துக்கொள்வோம். நம்மைவிட அதிகமாகச் சோறு சாப்பிடுகிறவர்கள் வங்காளிகள். இரண்டாவதற்கு அவரவர் திறமைக்கேற்ற பதில். மூன்றாவதுதான் சுலபமாகத் தோன்றும், ஆனால் சுலபமில்லை.

ஹவுராவிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் பாதை 1,662 கி.மீ. டம்டமிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஆகாயத்தில் நேராக அளந்தால் சுமார் 1,383 கி.மீ. எது சரியான தூரம்? இரண்டும் சரிதான். இரண்டையும் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது சென்னை அல்ல, அகர்தலா. நம்மில் பல குடும்பங்களுக்கு வடகிழக்கில் ஒரு கிளை இருக்கிறது. மத்திய அரசு வேலை, வங்கி, ராணுவம், ஆசிரியர் பணி என்று யாராவது ஒருவர் அகர்தலாவிலோ சில்சரிலோ இம்பாலிலோ இருப்பார். அவர்களுக்கும் நமக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றி, கொஞ்சம் கணக்கோடும் கொஞ்சம் சொந்த அனுபவத்தோடும் இந்த மலரில் எழுதலாம் என்று ஆசைப்பட்டேன்.

ஒரு ஜனவரி மாதம்

1983-இல் வேலைக்காக நான் கல்கத்தா வந்தேன். என் தங்கையின் கணவருக்கு 1996-இல் அகர்தலாவுக்கு மாற்றல் வந்தது. "பக்கத்துலதான் அண்ணன் இருக்காரு, பயப்படாதே" என்று அம்மாவே தங்கைக்குத் தைரியம் சொல்லி அனுப்பினாள். வரைபடத்தைப் பார்த்தால் அம்மா சொன்னது நியாயம்தான். கல்கத்தாவுக்கும் அகர்தலாவுக்கும் இடையே ஒரு விரற்கடைகூட இல்லை.

1997 ஜனவரியில் கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். "அண்ணிக்கு முடியலப்பா. தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு சீக்கிரம் வந்து சேரு." அன்று நான் வாங்கிய சம்பளத்துக்குச் சென்னைக்கு இரண்டு விமான டிக்கெட் நினைத்துப் பார்க்க முடியாத சமாசாரம். ஆகவே ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். காலை எட்டரை மணிக்கு அகர்தலாவில் விமானம் ஏறினால் ஐம்பது நிமிஷம். ஒன்பது இருபதுக்கு டம்டம். அங்கிருந்து ஹவுரா போக ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் பதினொரு மணி. கோரமண்டல் மதியம்தான் புறப்படும். கையில் மூன்று மணி நேரத்துக்குமேல் மிச்சம். அவசர கோட்டாவில் இரண்டு இடம் வாங்கிவிட்டு, தங்கைக்கு எஸ்.டி.டி. போட்டுச் சொன்னேன்: "அம்பது நிமிஷம்தாம்மா. வீட்டுக்கு வந்து குளிச்சு சாப்பிட்டுட்டே கிளம்பலாம்."

மறுநாள் காலை டம்டமில் எதிரே நிற்கும் ஆள் தெரியாத மூடுபனி. அகர்தலாவில் பளிச்சென்று வெயில். "இங்க வெயில் அடிக்குது, ஏன் விமானம் கிளம்பல?" என்று தங்கைக்குப் புரியவில்லை. காரணம் எளிது. அவளை ஏற்றிவர வேண்டிய விமானமே கல்கத்தாவிலிருந்துதான் அங்கே போகவேண்டும். அது இங்கே தரையில் நிற்கிறது. பனி விலகியபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அதற்குள் வரிசையில் நின்ற விமானங்கள் ஒவ்வொன்றாகப் போகவேண்டும். போன விமானம் ஆளை ஏற்றிக்கொண்டு திரும்பி வரவேண்டும். தங்கை டம்டமில் இறங்கியபோது மணி ஒன்றரை. வி.ஐ.பி. ரோடு, ஊருக்குள் நெரிசல், ஹவுரா பாலம். நான் பிளாட்பாரத்தில் இரண்டு டிக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கோரமண்டல் போய் இருபது நிமிஷம் கழித்து அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

அன்றிரவு மெயிலில் கெஞ்சிக் கூத்தாடி இடம் பிடித்தோம். மூன்றாம் நாள் விடிவதற்குமுன் சென்னை, பிறகு பஸ். கும்பகோணத்தில் வீட்டு வாசலில் இறங்கியபோது மாலை நான்கு மணி. அம்மா அன்று காலை ஒன்பது மணிக்கே போய்விட்டிருந்தாள். கோரமண்டலில் ஏறியிருந்தால் அன்று விடியற்காலையே போய்ச் சேர்ந்திருப்போம். முகம் பார்க்கக் கொடுத்து வைத்தது, பேசக் கொடுத்து வைக்கவில்லை.

தங்கை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பத்து நாள் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருமுறை மட்டும், "அண்ணே, அம்பது நிமிஷம்னு சொன்னீங்களே" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த ஐம்பது நிமிஷம் எங்கே தப்பாகப் போனது என்று அதற்குப் பிறகு நான் பலமுறை உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். அதன் பலன்தான் கீழே வருவது.

வானத்துத் தூரம்

முதலில் நேர்க்கோட்டுத் தூரம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்கே போதும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம்.

கொல்கத்தா விமான நிலையம் ஏறத்தாழ 22.65 டிகிரி வட அட்சரேகையிலும் 88.45 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. அகர்தலா விமான நிலையம் ஏறத்தாழ 23.89 டிகிரி வடக்கு, 91.24 டிகிரி கிழக்கு. வடக்குத் தெற்கில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ. கிழக்கு மேற்கில் அப்படியில்லை. பூமத்திய ரேகையில் 111 இருப்பது, துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறுகிக்கொண்டே வரும். நம் கொல்கத்தா அளவில் அது சுமார் 102 கி.மீ.

வடக்கே 1.24 டிகிரி என்றால் சுமார் 137 கி.மீ. கிழக்கே 2.79 டிகிரி என்றால் சுமார் 286 கி.மீ. இவை ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். மூன்றாவது பக்கம் பித்தாகரஸ் சொன்னபடி சுமார் 317 கி.மீ. அவ்வளவுதான் வானத்துத் தூரம். சென்னையிலிருந்து திருச்சி போகிற தூரம்.

இதற்கிடையே கடக ரேகையும் குறுக்கே போகிறது. கொல்கத்தா அதற்குத் தெற்கே, அகர்தலா அதற்கு வடக்கே. விமானம் பறப்பதில் பெரும்பகுதி வங்கதேசத்தின் மேலே. கீழே பார்த்தால் ஆறும் வயலும் தவிர வேறொன்றும் தெரியாது. கைக்கடிகாரப்படி நாம் இந்திய நேரத்தில் கிளம்பி, அரைமணி முந்திய வங்கதேச நேரத்தைக் கடந்து, மறுபடி இந்திய நேரத்தில் இறங்குகிறோம்.

தண்டவாளத் தூரம்

இனி தரைக்கு வருவோம். இந்தியாவுக்குள்ளேயே ரயிலில் போகவேண்டுமென்றால் சியால்தாவிலிருந்து வடக்கே சிலிகுரிப் பக்கம் போய், கோழிக்கழுத்து போன்ற அந்தக் குறுகிய நிலத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி, குவாஹாத்தி தொட்டு, அசாம் மலைகளைக் கடந்து, பதர்பூர் வழியாகத் தெற்கே இறங்கி அகர்தலா சேரவேண்டும். மொத்தம் 1,550 கி.மீ.க்கு மேல். சாலை வழியாகப் போனால் 1,600-ஐயும் தாண்டும்.

இந்த எண்ணை மேலே நான் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னைக்கு ரயிலில் 1,662 கி.மீ. திருச்சி தூரத்தில் இருக்கும் அகர்தலாவுக்கு ரயிலில் போவதும் சென்னைக்கு ரயிலில் போவதும் ஏறக்குறைய ஒன்றுதான். நேரம் பார்த்தால் அகர்தலாவுக்குத்தான் அதிகம். மலைப்பாதை வருவதால் ஒன்றரை நாள் ஆகும்.

ஏன் இப்படி? 1947-க்குமுன் இந்தச் சுற்று கிடையாது. சியால்தாவில் ரயில் ஏறி கோவாலந்தோ போய், பத்மா நதியில் ஸ்டீமர் பிடித்து சாந்த்பூரில் இறங்கி, அசாம் பெங்கால் ரயில்வேயில் அகௌரா போனால் அங்கிருந்து அகர்தலா சில மைல் தூரம். அகர்தலாவாசிகளுக்கு அகௌராதான் ரயிலடி. தேசப் பிரிவினையில் ரயிலடி ஒரு நாட்டுக்கும் ஊர் இன்னொரு நாட்டுக்கும் போயிற்று. திரிபுரா 1949 அக்டோபரில் இந்தியாவோடு இணைந்தபோது, மூன்று பக்கமும் அயல்நாடு சூழ்ந்த ஒரு மூலையாகிவிட்டது. அதன் பிறகும் சியால்தாவிலிருந்து கிழக்கு வங்காளத்துக்கு ரயில்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1965 யுத்தத்தோடு அதுவும் நின்றது.

திரிபுராவுக்குள் தண்டவாளம் மெதுவாகத்தான் நகர்ந்தது. மாநிலத்தின் வட மூலையில் உள்ள தர்மநகருக்கு 1964-இல் மீட்டர் கேஜ் வந்தது. அகர்தலாவுக்கு ரயில் வந்தது 2008-இல்தான். அகலப்பாதையாகி தில்லிக்கு நேர் ரயில் கிளம்பியது 2016-இல். என் தங்கை அங்கே இருந்த காலத்தில், விமானம் இல்லையென்றால் மலைச்சாலையில் பாதுகாப்புப் படையினர் துணையோடு வரிசையாகப் போகும் வண்டிகளில் ஏறி ரயிலடி வரை போகவேண்டும். அப்புறம் வண்டி மாறி, வண்டி மாறி, மூன்று நாள்.

அந்த ஒற்றைச் சாலையை நம்பியிருப்பதன் கஷ்டம் 2016 மழைக்காலத்திலும் தெரிந்தது. அசாம் எல்லையருகே நெடுஞ்சாலை சேறாகி லாரிகள் மாட்டிக்கொள்ள, திரிபுராவில் பெட்ரோலுக்கு நீண்ட வரிசை நின்றது. பாலாட்டானா மின்நிலையத்துக்கான கனரக இயந்திரங்களையும் அந்த மலைச்சாலையில் ஏற்ற முடியாமல், வங்கதேசத்தின் ஆசுகஞ்ச் ஆற்றுத் துறைமுகம் வழியாகத்தான் கொண்டு போனார்கள்.

குறுக்கு வழிக்கு முயற்சிகள் நடக்காமல் இல்லை. 2008 ஏப்ரலில் கொல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் மைத்ரீ எக்ஸ்பிரஸ் தொடங்கியது. 2015 ஜூனில் கொல்கத்தாவிலிருந்து டாக்கா வழியாக அகர்தலாவுக்குப் பேருந்து விட்டார்கள். 2023 நவம்பர் 1 அன்று அகர்தலா அகௌரா ரயில் இணைப்பைத் திறந்து வைத்தார்கள். அதன் நீளம் 12.24 கி.மீ. மட்டுமே. இந்தச் சிறு இணைப்பின் வழியாக ரயில் முறையாக ஓடினால் 1,550 கி.மீ. ஏறக்குறைய 500-ஆகச் சுருங்கும். ஆனால் தண்டவாளம் போட்டால் மட்டும் தூரம் குறைந்துவிடாது, இரண்டு நாடுகளும் நல்லுறவில் இருக்கவேண்டும். 2024 ஜூலையில் வங்கதேசத்தில் கலவரம் மூண்டபோது மைத்ரீ எக்ஸ்பிரஸும் நிறுத்தப்பட்டது. கிலோமீட்டர் பூகோளம் மட்டுமல்ல, சரித்திரமும் கூட.

ஐம்பது நிமிஷம் என்பது என்ன?

இப்போது என் தப்புக்கு வருகிறேன். விமானம் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் 317 கி.மீ.க்கு 24 நிமிஷம்தானே ஆகவேண்டும்? ஏன் அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போடுகிறார்கள்?

அட்டவணை நேரம் என்பது பறக்கும் நேரம் அல்ல. நின்ற இடத்திலிருந்து விமானம் நகர்வது முதல், போன ஊரில் போய் நிற்பது வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகப் பத்து, பதினைந்து நிமிஷம். மேலே ஏறும்போது முழு வேகம் கிடையாது. முழு உயரம் தொடுவதற்குள்ளேயே அகர்தலா நெருங்கிவிடும், இறங்க ஆரம்பிக்க வேண்டும். ஏறுவதும் இறங்குவதுமே பயணம். அந்த 800 கி.மீ. வேகத்தில் நிதானமாகப் போக இடமே இல்லை. சென்னைக்குப் போகும் விமானமோ பாதி வழிக்குமேல் முழு வேகத்தில் போகிறது. ஆகவே நான்கு மடங்குக்கும் அதிகமான தூரத்தை இரண்டரை மடங்கு நேரத்தில் கடந்துவிடுகிறது.

இதோடு வீட்டுக் கணக்கையும் சேருங்கள். லேக் மார்க்கெட்டிலிருந்து டம்டம் போக ஒன்றே கால் மணி. ஒன்றரை மணி முன்னதாகப் போய் நிற்கவேண்டும். பயணம் ஒரு மணி. பெட்டி வாங்கி வெளியே வர அரைமணி. அங்கே வீடு போய்ச் சேர முக்கால் மணி. மொத்தம் ஐந்து மணி நேரம். 317-ஐ ஐந்தால் வகுத்தால் மணிக்கு 63 கி.மீ. கோரமண்டல் 1,662 கி.மீ.யை ஏறக்குறைய 27 மணி நேரத்தில் கடக்கிறது. வகுத்துப் பாருங்கள், மணிக்குக் கிட்டத்தட்ட 62 கி.மீ. வாசல் முதல் வாசல் வரை பார்த்தால் அகர்தலா விமானத்தின் வேகமும் கோரமண்டலின் வேகமும் ஒன்றுதான்!

காற்றும் பனியும்

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே, விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பலத்த காற்று ஓடுகிறது. மணிக்கு 100 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தில்லியிலிருந்து கொல்கத்தா சுமார் 1,300 கி.மீ. விமானத்தின் வேகம் 830 என்றால், கிழக்கே வரும்போது 930, திரும்பிப் போகும்போது 730. வானத்தில் மட்டும் இருபது நிமிஷத்துக்குமேல் வித்தியாசம். ஆற்றோட்டத்தோடு போகும் படகும் எதிர்த்துப் போகும் படகும் மாதிரி. அகர்தலா போன்ற குட்டைப் பயணத்தில் இந்த வித்தியாசம் சில நிமிஷம்தான்.

ஆனால் பனிக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. டிசம்பர், ஜனவரியில் கங்கைச் சமவெளியின் ஈரமும் இரவுக் குளிரும் சேர்ந்து விடியற்காலையில் மூடுபனியாக இறங்கும். வெயில் ஏறினால்தான் விலகும். கல்கத்தாவில் நாலு மணி நேரம் பனி என்றால், பனியே இல்லாத அகர்தலாவிலும் நாலு மணி நேரத் தாமதம். குறுகிய தூர விமானங்கள் ஒரே நாளில் போய்ப் போய் வருகிறவை. காலையில் ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலி முழுவதும் தளர்ந்துவிடும்.

உருண்டை பூமி செய்யும் வேடிக்கை

வெளிநாட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்காக இன்னொரு சேதி. சுவரில் மாட்டும் உலகப் படத்தை நம்பித் தூரம் சொல்லக்கூடாது. நார்வேயின் வடகோடியில் டிரோம்சோ, அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸ் என்று இரண்டு ஊர்கள். படத்தில் ஒன்று நடுவில், ஒன்று இடது ஓரத்தில். அட்சரேகையை ஒட்டி மேற்கே போனால் 7,000 கி.மீ.க்கு மேல். ஆனால் பூமி உருண்டை அல்லவா? வட துருவத்தை ஒட்டி நேராகப் போனால் சுமார் 5,000 கி.மீ.தான். ஒரு பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், தெரியும். அமெரிக்கா போகும் விமானம் "என்னடா இது, வடக்கே வடக்கே போகுது" என்று தோன்றுவது இதனால்தான்.

கடைசியாக

இன்று நிலைமை எவ்வளவோ மேல். 2022 ஜனவரியில் அகர்தலாவில் புதிய விமான நிலையக் கட்டடம் திறந்தார்கள். 2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியில் ஹவுரா வரை மெட்ரோ வந்தது, 2025 ஆகஸ்டில் விமான நிலையத்துக்கும் வந்தது. கோரமண்டல் இப்போது ஷாலிமாரிலிருந்து கிளம்புகிறது என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பழக்க தோஷத்தில் ஹவுராவுக்குப் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

இளைய தலைமுறைக்கு நான் சொல்வது இதுதான். அவசரத்துக்குக் கிளம்பும்போது "எத்தனை கிலோமீட்டர்", "எத்தனை நிமிஷம்" என்று கேட்பதோடு நிற்காதீர்கள். வாசலிலிருந்து வாசலுக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். இது தவறினால் அடுத்தது எப்போது என்று கேளுங்கள். குளிர்காலத்தில் காலை விமானத்தையும் மதிய ரயிலையும் ஒரே நாளில் கோக்காதீர்கள், முந்தின நாள் சாயங்காலமே வரச் சொல்லுங்கள். நான் அன்றைக்குச் செய்யத் தவறியது அது ஒன்றுதான். முந்தின நாள் மாலை விமானத்திலும் இடம் இருந்தது. "ராத்திரி எதுக்கு அலையணும், காலைல வா" என்று சொன்னவன் நான்தான்.

தங்கை இப்போது திருச்சியில் இருக்கிறாள். போன வருஷம் பேத்தியின் காதுகுத்துக்கு எங்களை அழைத்தாள். எப்போது கிளம்புகிறோம் என்று கேட்டாள். விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுகிறோம் என்றேன். "எதுக்குண்ணே ரெண்டு நாள் முன்னாடி?" என்று கேட்க ஆரம்பித்தவள், பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, "சரிண்ணே, வாங்க" என்றாள்.